போகமாட்டேன் என்ற ருக்மாபாய்



பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமூகச் சீர்திருத்தம் என்றதும் நமக்கெல்லாம் சில பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வரும். உடன்கட்டையைத் தடை செய்த 1829ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் ராம்மோகன் ராய். விதவை மறுமணத்துக்கு வழிவிட்ட 1856ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் ஈஸ்வரசந்திர வித்யாசாகர். குழந்தை மணம் என்றால் மலபாரி, ரானடே. பள்ளிக்கூடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரிசை இது. இவர்கள் எல்லோருமே பெரிய மனிதர்கள். ஏச்சையும் எதிர்ப்பையும் தாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள். அவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் அந்த வரிசையில் பெண் எங்கே இருக்கிறாள்? காப்பாற்றப்படுகிறவளாக இருக்கிறாள். அவளுக்காக மனு எழுதுகிறார்கள், சாஸ்திரத்தில் ஆதாரம் தேடுகிறார்கள், வைஸ்ராயைப் பார்க்கப் போகிறார்கள். அவளைக் கூப்பிட்டு, "உன் விருப்பம் என்னம்மா?" என்று கேட்கிற வழக்கம் மட்டும் இல்லை.

யாரும் கேட்காமலே பேசிய பெண்கள் இருந்தார்கள். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய கணவரோடு சேர்ந்து சாவித்ரிபாய் பூலே பாடம் நடத்தினார். 1882இல் தாராபாய் ஷிண்டே, ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயமா என்று மராத்தியில் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டு பண்டித ரமாபாய் ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சி சொல்லி, இந்தியப் பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்றார். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கூட்டம் போடலாம். இன்றைக்கு நான் ருக்மாபாயைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மற்றவர்கள் சமூகத்தோடு வாதாடினார்கள். ருக்மாபாய் பிரதிவாதியாக உயர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, தன் உடம்பையும் தன் வாழ்க்கையையும் பற்றி ஒரு அரசாங்கத்துக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பம்பாயில் 1864இல் பிறந்தவர். தச்சுத் தொழில் செய்யும் சுதார் சாதி. குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அந்தச் சாதியில் விதவை மறுமணம் உண்டு. அதனால் அம்மா ஜெயந்திபாய் சில ஆண்டுகள் கழித்து டாக்டர் சகாராம் அர்ஜுன் என்பவரை மணந்துகொண்டார். மணப்பதற்கு முன்னால் முதல் கணவரின் சொத்தை மகள் பெயருக்கு மாற்றி எழுதினார்.  பிற்பாடு நடந்ததற்கெல்லாம் இந்தச் சொத்தும் ஒரு காரணம். சகாராம் அர்ஜுன் பேர்பெற்ற மருத்துவர், தாவரவியல் அறிஞர், 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் வீட்டிலும் பெண்ணுக்குப் பதினோரு வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜி பிகாஜிக்குப் பத்தொன்பது வயது. அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு.

தாதாஜி படிக்கவில்லை. உடல்நலமும் சரியில்லாமல் போய், உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். ருக்மாபாயோ வளர்ப்புத் தந்தையின் வீட்டிலேயே வளர்ந்தார். பதினோரு வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிரீ சர்ச் மிஷன் நூலகத்திலிருந்து புத்தகம் வரவழைத்து வீட்டிலேயே படித்தார். ஆங்கிலம் கற்றுக்கொண்டார். சீர்திருத்தக்காரர்கள் வந்துபோகிற வீடு. அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண் அவர். புகுந்த வீட்டில் ஒரு நாளும் குடித்தனம் நடத்தவில்லை.

1884 மார்ச்சில் தாதாஜியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது: என் மனைவியை என்னிடம் அனுப்பு. ருக்மாபாய் மறுத்தார். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நம் குடும்ப நல நீதிமன்றங்களில் இன்றைக்கும் தினமும் தாக்கலாகிற அதே வகை வழக்குதான், சேர்ந்து வாழக் கோரும் வழக்கு. வழக்கு நடக்கும்போதே, 1885இல், வளர்ப்புத் தந்தை சகாராம் அர்ஜுன் இறந்துபோனார். இருபது வயதுப் பெண் தாயோடு தனியாக நின்றார்.

அந்த நிலைமையில் அவர் செய்ததைப் பாருங்கள். 1885 ஜூன் 26 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் குழந்தை மணத்தைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை; 'ஓர் இந்துப் பெண்மணி' என்று மட்டும் இருந்தது. எழுதியவர் ருக்மாபாய். பால்ய விவாகத்தால் ஆணுக்கும் கெடுதல் உண்டு, ஆனால் அவன் தொடர்ந்து படிக்கலாம், வேண்டுமானால் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளலாம். பெண்ணுக்கு அதோடு எல்லாம் முடிந்துபோகிறது என்று அதில் நிதானமாக வாதாடினார். செப்டம்பர் 19 அன்று இரண்டாவது கடிதம், விதவைக் கோலத்தைப் பற்றி. அது வெளிவந்து இரண்டு நாள் கழித்து, 21ஆம் தேதி, அவருடைய வழக்கில் தீர்ப்பு.

நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். எளிமையான நியாயம்தான் சொன்னார். சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்களைத் திரும்பச் சேர்த்துவைக்கத்தான் இந்த வழக்கு இருக்கிறது. இவர்கள் சேர்ந்தே வாழவில்லையே, எதை மீட்பது? விவரம் தெரியாத வயதில் கட்டிவைக்கப்பட்ட ஒரு பெண்ணை, வளர்ந்தபின் அவள் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து ஒருவரிடம் ஒப்படைப்பது கொடுமை என்றார்.

தீர்ப்பு வந்ததும் கூச்சல் எழுந்தது. இந்து தர்மம் போச்சு, குடும்பம் போச்சு என்று பத்திரிகைகள் எழுதின. எதிர்த்தவர்களில் திலகரும் ஒருவர். சுதந்திரப் போராட்டத்தில் அவர் செய்த தியாகத்தை மதிக்கிறவன் நான். அதற்காக, இந்த விஷயத்தில் அவர் நின்ற பக்கத்தைச் சொல்லாமல் மறைக்க முடியாது.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். மதத்தின் பெயரால் இவ்வளவு ஆவேசமாகக் காப்பாற்றப்பட்ட இந்த வகை வழக்கு, இந்து தர்மசாஸ்திரத்தில் இல்லை. சாஸ்திரம் மனைவிக்குக் கடமை விதித்தது, மீறினால் கண்டித்தது, கணவனுக்கு மறுமணத்தை அனுமதித்தது. கோர்ட்டு உத்தரவு போட்டு மனைவியைக் கணவன் வீட்டுக்கு அனுப்புகிற ஏற்பாடு இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்தது. கம்பெனி ஆட்சியோடும் பிறகு ராணி ஆட்சியோடும் கப்பலேறி வந்தது. 1867இல் ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில், இந்திய உரிமையியல் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வழக்கை விசாரிக்கலாம் என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னபிறகு அது உறுதிப்பட்டது. மறுக்கிற பெண்ணுக்குச் சிறைத் தண்டனை என்பதை 1882ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவு கொடுத்தது.

அதற்கு இரண்டே ஆண்டு கழித்து, 1884இல், இங்கிலாந்து தன் நாட்டில் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. அது நடந்த விதத்தையும் கேளுங்கள். ஜார்ஜினா வெல்டன் என்ற பெண், தன்னோடு வாழ மறுத்த கணவருக்கு எதிராக இதே தீர்ப்பை வாங்கினார். தீர்ப்பை மதிக்காவிட்டால் அந்தக் கணவர் சிறைக்குப் போகவேண்டும். பாராளுமன்றம் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு கனவானுக்குச் சிறை என்றதும் லண்டனில் திருத்த முடிந்த சட்டம், பம்பாயில் ஒரு தச்சர் குலத்துப் பெண்ணுக்காகத் தயாராக இருந்தது. அதை அந்நியச் சட்டம் என்று எதிர்த்திருக்க வேண்டிய தேசியவாதிகள், நம் பண்பாடு என்று சொல்லிக் காப்பாற்றினார்கள். அந்நிய அரசும் நம் ஆண்களும் எதிரெதிரே நின்ற காலம் என்று நாம் படிக்கிறோம். ஒரு பெண்ணின் மறுப்பு என்று வந்தபோது இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பண்டித ரமாபாய் அப்போதே, 1887இல், இதைக் கடும் கோபத்தோடு எழுதிவிட்டார்.

மேல்முறையீட்டை 1886இல் தலைமை நீதிபதி சார்ஜென்ட் தலைமையிலான அமர்வு கேட்டது. இந்துத் திருமணம் சடங்கோடு நிறைவடைகிறது, சேர்ந்து வாழ்ந்தார்களா என்ற கேள்வியே எழாது என்று சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1887 மார்ச் 4 அன்று நீதிபதி ஃபரான் தீர்ப்புச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் ருக்மாபாய் கணவர் வீட்டுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை.

போகமாட்டேன், தீர்ப்பின் முழுத் தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார் ருக்மாபாய்.

அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை, பேதை இல்லை. படித்தவர், தன் மனது தனக்குத் தெரிந்தவர். இதனால்தான் அவர் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தார். விதவைக்காகப் பேசலாம், சிறுமிக்காகப் பேசலாம். அவர்கள் இரக்கத்துக்கு உரியவர்கள். வயது வந்த ஒரு பெண், எனக்கு இந்த மனிதர் வேண்டாம் என்றால், சீர்திருத்தக்காரர்களில் பலருக்கே வாய் அடைத்துப்போனது. குழந்தை மணத்தை எதிர்ப்போம், ஆனால் நடந்த கல்யாணத்தை ஒரு பெண் ஏற்காமல் இருக்கலாமா என்று இழுத்தார்கள். மலபாரி துணை நின்றார். காமா மருத்துவமனையின் மருத்துவர் எடித் பீச்சி துணை நின்றார். பம்பாயில் அவருக்காக ஒரு பாதுகாப்புக் குழு அமைந்து பணம் திரட்டியது. லண்டன் டைம்ஸ் வரை விவாதம் போனது.

ருக்மாபாய் விக்டோரியா மகாராணிக்கு முறையிட்டார், ராணி அந்தத் திருமணத்தை ரத்து செய்தார் என்று இப்போது பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி நடக்கவில்லை. ராணியின் பொன்விழா ஆண்டில் அவர் வைத்த வேண்டுகோள் லண்டன் டைம்ஸில் வெளிவந்தது உண்மை. ஆணுக்கு 20 வயதும் பெண்ணுக்கு 15 வயதும் ஆகுமுன் நடந்த திருமணத்தை நீதிமன்றங்கள் செல்லுபடியாகக் கருதக்கூடாது என்று ஒரே ஒரு மாற்றம் கேட்டார். ராணி எதையும் ரத்து செய்யவில்லை. 1888 ஜூலையில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு தீர்ப்பை நிறைவேற்றக் கோராமல் விட்டுவிட்டார். பிறகு வேறு பெண்ணை மணந்துகொண்டார். ருக்மாபாய்க்கு அது முடியாது. சட்டப்படி அவர் கடைசி வரை தாதாஜியின் மனைவி.

1887 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு நம் சென்னையில் கூடியது. அந்த மாநாட்டை ஒட்டித்தான், ரானடேயும் திவான் பகதூர் ரகுநாத ராவும் முன்னின்று, தேசிய சமூக மாநாடு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ருக்மாபாய் பெயர் நாடெல்லாம் அடிபட்ட அதே ஆண்டு. இதைச் சென்னையில் பலர் மறந்துவிட்டார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இனி 1890. கல்கத்தா. ஃபூல்மணி தாஸி என்ற சிறுமி, பத்து அல்லது பதினோரு வயது, முப்பத்தைந்து வயதுக் கணவனால் இரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்துபோனாள். கணவன்மேல் வன்புணர்ச்சிக் குற்றம் சாட்ட முடியவில்லை. ஏனென்றால் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி மனைவிக்குப் பத்து வயது முடிந்துவிட்டால் அது குற்றமே இல்லை. அசட்டையாகக் காயம் விளைவித்த குற்றத்துக்காக ஓராண்டுக் கடுங்காவல் கொடுத்தார்கள். ஒரு குழந்தையின் உயிருக்கு ஓராண்டு. இந்தியாவில் பணியாற்றிய 55 பெண் மருத்துவர்கள் சேர்ந்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். தங்களிடம் கொண்டுவரப்பட்ட சிறுமிகளின் உடலில் என்னென்ன காயம் இருந்தது, எத்தனை வயது என்று மருத்துவக் குறிப்பாகவே எழுதினார்கள். படிக்கும்போது கை நடுங்கும்.

இதன் பிறகுதான் 1891 மார்ச்சில் சம்மத வயதுச் சட்டம் வந்தது. பத்து என்று இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கியது. இரண்டே வயது. அதற்குக் கல்கத்தா மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூடி எதிர்த்தார்கள். வங்கவாசி என்ற பத்திரிகை எழுதியதைப் பார்த்து அரசு அதன்மேல் ராஜத்துரோக வழக்கே போட்டது; இந்தியாவில் நடந்த முதல் ராஜத்துரோக விசாரணை அது. அதே மார்ச் மாதம் இங்கிலாந்தில், ஜாக்சன் வழக்கில், கணவன் மனைவியைப் பிடித்து அடைத்துவைக்க உரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் இன்று சொல்ல வந்த விஷயம் இதுதான். ருக்மாபாய் நீதிமன்றத்தில் எழுப்பிய கேள்வி, பெண்ணின் விருப்பம் கணக்கில் வருமா வராதா என்பது. அதற்கு அரசும் சீர்திருத்தக்காரர்களும் கொடுத்த பதில் ஒரு வயது வரம்பு. வயது வரம்பு தேவைதான். அது எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. ருக்மாபாயே கடிதத்தில் அதைக் கேட்டார். ஆனால் வயதோடு பேச்சை முடித்துக்கொண்டதில் ஒரு பெரிய வசதி இருந்தது. பன்னிரண்டு முடிந்துவிட்டால் அதன்பின் அவளைக் கேட்கவேண்டியதில்லை. 1925இல் பதின்மூன்று ஆனது, பிறகு பதினைந்து ஆனது, 2017இல் உச்ச நீதிமன்றம் பதினெட்டு ஆக்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில், பதினெட்டு முடிந்த மனைவியிடம் கணவன் நடந்துகொள்வது வன்புணர்ச்சி ஆகாது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி 2013இலேயே நீதிபதி வர்மா குழு பரிந்துரைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக எண்ணை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். இருபத்திரண்டு வயது ருக்மாபாய்க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அவர் சமரசத்துக்குப் பின் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 1889இல் கப்பலேறி இங்கிலாந்து போனார். லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.  1894இல் மருத்துவராகி, ருக்மாபாய் ஊர் திரும்பினார். முதலில் சூரத், அப்புறம் ராஜ்கோட். பெண்களுக்கான மருத்துவமனைகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் போல வேலை செய்தார். 1929இல் பர்தாவை ஒழிக்கவேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். 1955 செப்டம்பரில், தொண்ணூறு வயதில், பம்பாயில் காலமானார்.

ஒரு செய்தி பலரைக் குழப்பும். 1904இல் தாதாஜி இறந்தார். அதன்பின் ருக்மாபாய் விதவைகள் உடுத்தும் வெள்ளைப் புடவையை உடுத்தினார். வாழ்நாளெல்லாம் அந்தத் திருமணத்தை ஏற்காதவர், அந்த மனிதருக்காக ஏன் வெள்ளை உடுத்தினார்? இதை வைத்து அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் குறை சொல்லமாட்டேன். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் திரைக்குப் பின்னே இருந்த பெண்கள் அவரை நம்பி உள்ளே விட வேண்டும். ஊர் அவரைப் பற்றிப் பேசிய பேச்சு அவரோடு இருபது ஆண்டு கூடவே வந்திருக்கிறது. சிறைக்குப் போகத் துணிந்த பெண்ணும் தெருவில் நடந்துதான் போகவேண்டும். ஒரு பெண்ணிடம் எல்லா நாளும் வீரத்தை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

அவர் இறந்த அதே 1955இல்தான் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. விவாகரத்து உரிமை கொடுத்த நல்ல சட்டம். அதன் 9ஆம் பிரிவில், சேர்ந்து வாழக் கோரும் வழக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. சிறைத் தண்டனையை 1923இலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது சொத்தை ஜப்தி செய்யலாம். 1983இல் நடிகை சரிதாவின் வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி சௌத்ரி, இந்தப் பிரிவு பெண்ணின் அந்தரங்கத்தையும் மனித மாண்பையும் பறிக்கிறது, செல்லாது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. இதை முதலில் செய்து ஏற்றுமதி செய்த இங்கிலாந்து 1970இல் இந்த வழக்கையே ஒழித்துவிட்டது. நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்களும் இந்த மனுவைப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். துரத்திவிட்ட புருஷன் வீட்டில் ஒரு இடம் வேண்டும் என்று போடுகிறார்கள். அவளுக்கு வேண்டியது வசிப்பிடமும் ஜீவனாம்சமும். அவற்றுக்கு நேரான சட்டங்கள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், மனைவி ஜீவனாம்சம் கேட்டவுடனே கணவன் இந்த மனுவைப் போடுவதும் நடக்கிறது. வரச் சொன்னேன், வரவில்லை, ஆகவே பணம் கிடையாது என்று வாதாட உதவும். இப்படித் தீர்ப்பு வாங்கியிருந்தாலும் ஜீவனாம்சத்தைத் தானாக மறுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. பிரிவையே எடுத்தால் இன்னும் நல்லது.

இங்கே உட்கார்ந்திருக்கிற சட்ட மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பின்ஹே, சார்ஜென்ட், ஃபரான், இந்த மூன்று தீர்ப்புகளையும், கூடவே ருக்மாபாயின் இரண்டு கடிதங்களையும் படியுங்கள். நாளைக்கு நீங்கள் வக்கீலாக உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் வந்து, "என் சம்சாரம் வரமாட்டேங்குது சார், நோட்டீஸ் விடணும்" என்பார். ஃபீஸ் பேசுவதற்கு முன்னால், அந்தப் பெண் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.